வி.எம். போட்டுக்கோன்னு சொல்லும் மகான்களுக்கு...

பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. ஆயுத பூஜைக்கு மெஷினுக்குப் பொட்டு வச்ச படம் போட்டதோட சரி. இப்ப எழுதறது கொஞ்சம் கோபத்துல. பாதி கோபம் ஊர்ல இருக்கற கம்ப்யூட்டர் மகான்கள் மேல, மீதி என் மேலயே. ஏன்னா இந்த அறிவுரையைச் சொன்ன மகான் நான்தான்.

எங்க சிப்காட் கம்பெனியில ஒரு தம்பி இருக்கான். காவேரிப்பட்டினம் பக்கம் ஊரு. ஐ.டி.ஐ. முடிச்சுட்டு காண்ட்ராக்ட்ல மில்லிங் மெஷின் ஓட்டறான். டீ டைம்ல டெலிவரி சலான் பின்னாடி சூப்பர்வைசரை வரைஞ்சு வச்சிருப்பான் பாருங்க, சிரிச்சு மாளாது. வெறும் பால்பாயிண்ட் பேனா. மூக்குக்கு அழுத்தி ஒரே இழுப்பு, மீசைக்கு லேசா நாலு இழுப்பு, அவ்வளவுதான், ஆளு அப்படியே வந்து உட்கார்ந்துடுவார். ராயக்கோட்டை ரோட்டுல ஒரு ஃப்ளெக்ஸ் கடைக்காரர் இதைப் பார்த்துட்டு, கல்யாண பேனருக்கு மாப்பிள்ளை பொண்ணை இந்த மாதிரி வரைஞ்சு குடு, படத்துக்கு இவ்வளவுன்னு பேசியிருக்கார். ஒரே கண்டிஷன், ஃபோட்டோஷாப் ஃபைலா வேணும், லேயரெல்லாம் தனித்தனியா இருக்கணும்.

தம்பி தீபாவளி போனஸ்ல நாலாயிரத்துச் சொச்சம் போட்டு ஒரு பேனா டேப்லெட் வாங்கிட்டான். (டேப்லெட்னதும் அவங்க அம்மா, "யாருக்குடா உடம்பு சரியில்ல"ன்னு கேட்டாங்களாம்.) கம்ப்யூட்டர் ஏற்கனவே இருந்தது, பெங்களூர்ல ஏதோ ஆபீஸ்ல கழிச்சுப் போட்ட பழைய டெஸ்க்டாப். அதுல விண்டோஸ் 10. இதுக்குத்தான் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோட மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை முடிச்சுக்கிட்டாங்களே. விண்டோஸ் 11 போடலாம்னா, டி.பி.எம். 2.0 வேணும், இன்டெல்னா எட்டாம் தலைமுறையாவது வேணும்ங்கறாங்க. இவன்கிட்ட இருக்கறது ஆறாம் தலைமுறை.

"அண்ணா, என்ன பண்ணலாம்?"னு கேட்டான்.

நான் மீசையை முறுக்கிக்கிட்டு சொன்னேன். "லினக்ஸ் போட்டுடு. ஃபோட்டோஷாப் வேணும்னா உள்ள ஒரு வி.எம். போட்டு, விண்டோஸை நெட் இல்லாம ஓட்டிக்கோ. சிம்பிள்."

இந்த "சிம்பிள்"ங்கற வார்த்தையைத் தடை பண்ணணும் மக்களே.

ரெண்டு வாரம் கழிச்சு அவனே வந்தான். மூஞ்சி செத்துப் போயிருந்தது. "கம்ப்யூட்டர்ல வரைஞ்சா கோடு கயிறு மாதிரி ஒரே தடிமனா வருதுண்ணா. அழுத்தினாலும் அதே, லேசா தொட்டாலும் அதே. வீடியோ பார்த்து தினமும் ஒரு மணி நேரம் பழகறேன். என் கையிலதான் கோளாறு போல. பேப்பர்ல மட்டும்தான் நமக்கு வரும்னு நினைக்கறேன். டேப்லெட்டை யாருக்காவது வித்துடட்டுமா?"

நான் போய் பார்த்தேன். அவன் கையில ஒரு கோளாறும் இல்லை. வி.எம். அவன் அழுத்தத்தை வாசல்லயே பிடுங்கி வச்சுக்கிச்சு. அது பிடுங்கும்னு அவனுக்கு நான் சொல்லவே இல்லை. ஏன் சொல்லலைன்னா, எனக்கே தெரியாது! நான் வி.எம்.ல என்னிக்குய்யா படம் வரைஞ்சேன்?

என் வாதம் இதுதான். வி.எம். போட்டுக்கோன்னு வாய்கூசாம சொல்ற நம்மள்ல நூத்துக்குத் தொண்ணூறு பேர் அதுக்குள்ள ஒரு கோடுகூட இழுத்துப் பார்த்ததில்லை. நாம உள்ள போய் டைப் அடிப்போம், ஜி.எஸ்.டி. கட்டுவோம், பழைய டாலியைத் திறப்போம். அதுக்கெல்லாம் மவுஸ் போதும். கையால வேலை செய்யறவனுக்கு அது போதாது. போதாதுன்னு முன்கூட்டியே சொல்லாததால, அவன் தன் கையைச் சந்தேகப்படறான்.

கொஞ்சம் உள்ள போய் பார்ப்போம். டெக்னிக்கல் அலர்ஜி இருக்கறவங்க நாலு பாரா தாண்டிக்கலாம், கோச்சுக்க மாட்டேன்.

இந்தப் பேனாவுக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சா மரியாதை வந்துடும். 1983ல ஜப்பான்ல ஆரம்பிச்ச வேகம் கம்பெனி பிரபலமாக்கின நுட்பம் இது. பலகைக்கு அடியில கம்பிச்சுருள் வலை. அது மின்காந்த அலையை மேல அனுப்புது. பேனாவுக்குள்ள ஒரு சுருளும் ஒரு கெப்பாசிட்டரும். அந்த அலையிலேயே சக்தி எடுத்து, பதிலுக்கு அதிருது. அதனால பேனாவுக்கு பேட்டரியே வேண்டாம். முனையை அழுத்தினா உள்ள இருக்கற மின் அளவு மாறும், அதிர்வு மாறும், பலகை அதைப் படிச்சு "இங்க இருக்கான், இவ்வளவு அழுத்தறான்"னு கம்ப்யூட்டருக்குச் சொல்லும். சில பேனா சாய்வைக்கூட சொல்லும். தம்பி வாங்கினது வேற ஏதோ சீனக் கம்பெனி சரக்கு, ஆனா அதுக்கும் பேட்டரி கிடையாது. பெட்டி மேல பெருசா அச்சடிச்சிருந்தான்: 8192 அழுத்த நிலைகள்.

சரி, இந்த 8192ம் வி.எம்.முக்குள்ள போகும்போது என்ன ஆகுது?

நம்ம ஊர்க்காரங்களுக்கு இதைப் புரிய வைக்கறது சுலபம். 2020, 2021 கொரோனா சமயத்துல மாநிலம் விட்டு மாநிலம் பஸ் ஓடலையே, ஞாபகம் இருக்கா? நம்ம பஸ் ஜூஜூவாடியோட சரி. இறங்கி, எல்லையை நடந்து தாண்டி, அத்திப்பள்ளியில அந்தப் பக்கத்து பஸ் பிடிக்கணும். ஆளு போயிடலாம், கூட நாலு மூட்டை இருந்தா அம்பேல். வி.எம்.லயும் அதே கதைதான். லினக்ஸ் இந்தப் பக்கம், விண்டோஸ் அந்தப் பக்கம். பேனா எங்க இருக்குங்கற செய்தி (இடமிருந்து வலம் எவ்வளவு, மேலிருந்து கீழ் எவ்வளவு) நடந்து தாண்டிடும். க்ளிக் ஆச்சா இல்லையாங்கறதும் தாண்டிடும். எவ்வளவு அழுத்தினாங்கற மூட்டை மட்டும் ஜூஜூவாடியிலேயே நிக்கும். 8192 நிலைக்குக் காசு கொடுத்தவனுக்கு உள்ள கிடைக்கறது ரெண்டே நிலை. தொட்டான், தொடலை.

இது பழுது இல்லை, கட்டினதே அப்படித்தான். உள்ள இருக்கற விண்டோஸுக்கு நிஜ டேப்லெட் கண்ணுக்கே தெரியாது. வி.எம். தானா ஒரு பொய் மவுஸைச் செஞ்சு அதுங்கிட்ட காட்டுது. வெளியில இருக்கற மவுஸ் அம்பும் உள்ள இருக்கற அம்பும் ஒரே இடத்துல இருக்கணும்ல, அதுக்குத்தான் அந்தப் பொய்க் கருவி. அந்த வேலையை அது அருமையா செய்யும், அதை நான் குறை சொல்லலை.

எனக்கு எங்க பத்திக்கிட்டு வருதுன்னா, அந்தப் பொய் மவுஸுக்கு வச்ச பேர்ல! விர்ச்சுவல்பாக்ஸ்ல செட்டிங்க்ஸ் போய் பாருங்க, "பாயின்டிங் டிவைஸ்"னு ஒரு இடத்துல "யூ.எஸ்.பி. டேப்லெட்"னு போட்டிருக்கும். க்யூ.இ.எம்.யூ.லயும் கிட்டத்தட்ட அதே பேர்தான். யூ.எஸ்.பி.ல டேப்லெட் சொருகி வச்சிருக்கற ஒருத்தன் அதைப் பார்த்தா என்ன நினைப்பான்? "ஆஹா, நமக்குத்தான் போட்டிருக்காங்க"ன்னுதானே? தம்பியும் அப்படித்தான் நினைச்சான். "அதுல டேப்லெட் ஆன்லதான் இருக்குண்ணா, அப்ப கைதானே காரணம்"ங்கறான். அந்தப் பேருக்கும் வரையற டேப்லெட்டுக்கும் ஸ்நானப்ராப்தி கிடையாது. திரையில ஒரு புள்ளியை நேரா சுட்டிக்காட்டற கருவி, அவ்வளவுதான் அதுக்கு அர்த்தம். க்யூ.இ.எம்.யூ.ல இன்னும் கூத்து, வேகம் பேர்லயே ஒரு பொய்க் கருவி இருக்கு, பழைய பென்பார்ட்னர் மாடல் மாதிரி வேஷம் கட்டும். அதுக்கும் வெளியிலேர்ந்து போறது மவுஸ் நகர்வுதான்.

இத்தோட விட்டிருந்தாலும் மன்னிச்சிருப்பேன். அதே விர்ச்சுவல்பாக்ஸ் பட்டியல்ல "மல்டி டச்"னு இன்னொண்ணு இருக்கு. ஆக, பல விரலால தொடறதுக்குப் பாதை போட்டாச்சு, ஒரே ஒரு பேனா முனைக்கு மட்டும் போடலை. முடியாத காரியமான்னா அதுவும் இல்லை. க்யூ.இ.எம்.யூ.ல, உள்ள இருக்கறதும் லினக்ஸா இருந்தா, வெளியில இருக்கற உள்ளீட்டுக் கருவியை அழுத்தம் உட்பட அப்படியே உள்ள தள்ளற வசதி இருக்கு. ஆனா லினக்ஸுக்குள்ள லினக்ஸ் வச்சு படம் வரையறவன் யாரு? பேனா தேவைப்படறவன் விண்டோஸ்லன்னா மாட்டிக்கிட்டு முழிக்கறான்.

"அப்ப யூ.எஸ்.பி.யை முழுசா உள்ள அனுப்பிடு, வேலை முடிஞ்சது"ன்னு இந்நேரம் ஒருத்தர் பின்னூட்டப் பெட்டியைத் திறந்திருப்பார். ஐயா, மூடுங்க. அனுப்பியாச்சு. ஞாயிற்றுக்கிழமை காலையில ஒன்பது மணிக்கு உட்கார்ந்து சாயங்காலம் ஏழுக்கு எழுந்தேன். எந்த மென்பொருள்ல பண்ணினேன்னு சொல்லப்போறதில்லை. சொன்னா "அதை ஏன் போட்ட, இதைப் போட்டிருக்கலாமே"ன்னு கும்மி ஆரம்பிச்சுடும்.

முதல்ல யூ.எஸ்.பி. பட்டியலே காலியா இருந்தது. தேடித் தேடிப் பார்த்தா, லினக்ஸ்ல நம்ம பயனர் பேரை ஒரு குழுவுல சேர்க்கணுமாம். சேர்த்தேன். அப்பவும் காலி. லாக் அவுட் பண்ணிட்டு திரும்ப வரணுமாம். வந்தேன், பட்டியல்ல டேப்லெட் பேர் தெரிஞ்சது, டிக் அடிச்சேன். லினக்ஸ்லேர்ந்து பேனா மாயமா மறைஞ்சு விண்டோஸ் பக்கம் போச்சு. சொந்தப் பேர்ல, மூட்டை முடிச்சோட. அப்பாடான்னு உள்ள அந்தக் கம்பெனியோட டிரைவரைப் போட்டேன்.

இப்ப அம்பு குதிக்க ஆரம்பிச்சது. பேனாவை நடுவுல வச்சா மூலைக்கு ஓடுது, மூலையில வச்சா எகிறுது. காரணம், அந்தப் பொய் மவுஸும் நிஜப் பேனாவும் ஒரே அம்பை ஆளுக்கொரு பக்கம் இழுக்குது. மவுஸ் இன்டெக்ரேஷனை அணைச்சதும் சண்டை நின்னது. அதுக்குள்ள மணி பன்னண்டு, தம்பியோட அம்மா ராகி களியும் கீரைக் கொழம்பும் போட்டாங்க. அது ஒண்ணுதான் அன்னிக்கு முதல் முயற்சியிலேயே வேலை செஞ்சது :-)

சாப்பிட்டு வந்து பார்த்தா, டிரைவரோட சோதனைப் பெட்டியில அழுத்தம் அழகா ஏறி இறங்குது, ஃபோட்டோஷாப்ல மட்டும் அதே கயிறு. இது வி.எம். குத்தம் இல்லை, விண்டோஸ்லயே அழுத்தம் போக ரெண்டு பாதை இருக்கு. ஒண்ணு 1990கள்லேர்ந்து இருக்கற வின்டேப், இன்னொண்ணு மைக்ரோசாஃப்டோட விண்டோஸ் இங்க். டிரைவர் ஒரு பாதையில அனுப்ப, ஃபோட்டோஷாப் இன்னொரு பாதையில காத்துக்கிட்டு நிக்கும். அதுக்கு ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல் எழுதி, ஃபோட்டோஷாப்பை வின்டேப் பக்கம் திருப்பணும். திருப்பினேன்.

கோடு வந்துச்சு! நிஜமான கோடு. ஆரம்பத்துல மயிரிழை, நடுவுல தடிச்சு, கடைசியில மெலிஞ்சு. தம்பி வாயைத் திறந்து பார்த்துக்கிட்டிருந்தான். "அண்ணா, நான் சரியாத்தான் அழுத்திக்கிட்டு இருந்தேனா?"ன்னான்.

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பதிவே.

ஆனா சந்தோஷம் அரை மணிக்கு மேல நிக்கலை. மாப்பிள்ளை மூஞ்சிக்கு ஒரு வட்டம் போட்டான், முட்டையா வந்தது. வி.எம். ஜன்னலோட நீள அகலம் ஒண்ணு, பலகையோட நீள அகலம் வேற. முழுத்திரை ஆக்கி, டிரைவர்ல விகிதத்தைச் சரி பண்ணினதும் முட்டை வட்டமாச்சு. அப்புறம்தான் பெரிய வில்லன் வந்தான், தாமதம். கை போயிடும், கோடு பின்னாடியே வரும். கிராஃபிக்ஸ் கார்டை வி.எம். ஒழுங்கா தொட முடியாததால, உள்ள வரைஞ்ச ஒவ்வொரு படத்தையும் செஞ்சு வெளித்திரைக்கு அனுப்பற வேலை பிராசசர் தலையில விழுது. எக்செல்ல இது தெரியவே தெரியாது. புருவம் போடறவனுக்குத் தெரியும். கை கண்ணை நம்பித்தானே போகுது? கண்ணுக்கு லேட்டா வந்தா, கை தயங்கும். தயங்கின கோட்டுல உயிர் இருக்காது. கோலம் போடறவங்களைக் கேளுங்க, விரல் இடுக்கிலேர்ந்து மாவு அரை நொடி கழிச்சு விழுந்தா என்ன கோலம் வரும்னு.

இன்னொண்ணு, பேனா விண்டோஸ் பக்கம் இருக்கற வரைக்கும் லினக்ஸ் பக்கம் பேனா கிடையாது. ஒரே நேரத்துல ரெண்டு மாநிலத்துல ரேஷன் கார்டு வச்சுக்க முடியாதுல்ல.

வி.எம்.வேர்ல? அங்க இன்னும் ஒரு படி மேல. கீபோர்டு, மவுஸ் வகையறாவை உள்ள அனுப்பறதையே முன்னிருப்பா தடுத்து வச்சிருக்கும். டேப்லெட்டும் அந்த ஜாதிதான். வி.எம். கோப்பை எடிட்டர்ல திறந்து, இந்த வகைக் கருவியையும் அனுமதின்னு ஒரு வரியைக் கையால எழுதணும். 2023ல அந்தக் கம்பெனியை பிராட்காம் வாங்கினாங்க, 2024ல வொர்க்ஸ்டேஷன் ப்ரோவை இலவசமாவும் விட்டாங்க. அந்த ஒரு வரி சமாச்சாரம் மட்டும் தெரிஞ்சவனுக்குத்தான் தெரியும்.

ஏன் இப்படி? வி.எம்.ங்கறதோட பூர்வீகம் அப்படி. 1960கள்ல ஐ.பி.எம். பெரிய கம்ப்யூட்டரைப் பல பேர் பங்கு போட்டுக்கக் கண்டுபிடிச்ச வழி. இன்னிக்கும் அதோட சோறு சர்வர்லதான். பேங்க், கால் சென்டர், நம்ம எல்லையைத் தாண்டினா எலெக்ட்ரானிக் சிட்டி பூரா அதுதான். அங்க யாரும் பேனாவை அழுத்தறதில்லை. எனக்கு அது புரியுது. ஆனா "டெஸ்க்டாப்ல எதையும் ஓட்டலாம்"னு சொல்லிட்டு, அழுத்தத்தை மட்டும் சத்தமில்லாம விழுங்கறது என்ன நியாயம்? "இந்தக் கருவியோட அழுத்தம் உள்ள போகாது"ன்னு ஒரே ஒரு எச்சரிக்கை வரி காட்டினா குறைஞ்சா போயிடுவாங்க? பேரை "பொய் மவுஸ்"னு மாத்த வேண்டாம், "டேப்லெட்"னு சொல்லாம இருந்தாலே போதும்.

இப்ப சில பேர், "பார்த்தியா, லினக்ஸ்னாலே தலைவலி"ன்னு கிளம்புவாங்க. அவங்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த ஞாயிற்றுக்கிழமை பூரா எந்தத் தொந்தரவும் பண்ணாதது லினக்ஸ் மட்டும்தான். டேப்லெட்டை நேரா சொருகினதும் வேலை செஞ்சது, டிரைவர் சி.டி.கூட கேட்கலை. வேகம் டேப்லெட்டுக்கு டிரைவர் கெர்னல்லயே இருக்கு. மத்த கம்பெனி டேப்லெட்டுக்காக டிஜிமெண்ட்னு ஒரு சின்ன திட்டம், சம்பளம் இல்லாம உழைச்சவங்க வேலை, அதுல நிறைய கெர்னலுக்கே போய் சேர்ந்துடுச்சு. கிரிட்டாவைத் திறந்து தம்பி ஒரு இழுப்பு இழுத்தான், மீசை வந்துடுச்சு. எல்லையே தாண்டாத பேனாவுக்கு ஏது செக்போஸ்ட்?

அதைப் பார்த்ததும்தான் என் மரமண்டைக்கு உறைச்சது. நான் தப்பான சரக்கை எல்லை தாண்ட வச்சுக்கிட்டு இருந்தேன். பேனா எதுக்குத் தாண்டணும்? படம் தாண்டினா போதாதா? இப்ப தம்பி வரையறதெல்லாம் லினக்ஸ் பக்கம், கிரிட்டாவுல. அதுலயே ஃபோட்டோஷாப் ஃபைலா சேமிக்கலாம், லேயரோட. பொது ஃபோல்டர்ல போட்டா, உள்ள இருக்கற விண்டோஸ் எடுத்துக்கும். அங்க செய்யறது ரெண்டே வேலை: லேயர் ஒழுங்கா வந்திருக்கான்னு பார்க்கறது, ஃப்ளெக்ஸ் கடைக்காரர் கேட்கற அந்தக் காலத்துத் தமிழ் ஃபான்ட்ல "அன்புடன் அழைக்கும்" எழுதறது. ரெண்டுக்கும் மவுஸ் போதும். (தமிழ்நாடு அரசு 2010லேயே யூனிகோடுன்னு ஆணை போட்டாச்சு, ஃப்ளெக்ஸ் கடைக்கு இன்னும் அந்தச் சேதி வரலை. அது தனிப் பதிவு, இங்க ஆரம்பிச்சா விடிஞ்சுடும்.)

இது எல்லாருக்கும் ஒத்து வராது, ஒத்துக்கறேன். விண்டோஸ்ல மட்டுமே ஓடற வரையற மென்பொருள்ல கை பழகினவங்க இருக்காங்க. அவங்களுக்கு நேர்மையான பதில் டூயல் பூட். அது அசிங்கம், பழைய பாணி, ஒவ்வொரு தடவையும் ரீஸ்டார்ட் பண்ணணும், எல்லாம் சரி. ஆனா பேனா பேனாவா இருக்கும். இல்லைன்னா ஒயின் இருக்கு, அது வி.எம். இல்லை, லினக்ஸ் மேலயே ஓடறதால வின்டேப் பாதையில அழுத்தத்தைக் கொண்டுபோக முயற்சியாவது பண்ணுது. எந்த மென்பொருளுக்கு ஒத்து வரும்னு ஒவ்வொண்ணா சோதிச்சுத்தான் பார்க்கணும். புது மெஷின் வாங்கச் சொல்ற புண்ணியவான்கள் மட்டும் காண்ட்ராக்ட் தொழிலாளியோட சம்பள சீட்டை ஒரு தடவை பார்த்துட்டு வந்து பேசவும்.

ஆக, அடுத்த தடவை யாராவது "லினக்ஸ்ல இது ஓடாதே"ன்னு கேட்டா, வாயில "வி.எம்." வர்றதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க: "நீ அதுல என்ன வேலை பண்ணுவ?" டைப்புன்னா தாராளமா சொல்லுங்க. வரையறது, மிடி கீபோர்டு வாசிக்கறதுன்னா கொஞ்சம் நிறுத்துங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. நான் அன்னிக்கு அப்படிச் சொல்லியிருந்தா, ஒருத்தன் ரெண்டு வாரம் தன் கையைப் பார்த்துப் பார்த்து நொந்திருக்க மாட்டான்.

முதல் பேனர் போன வாரம் ஏறிடுச்சு. கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கல்யாண மண்டபம். தம்பி போட்டோ அனுப்பியிருந்தான். மாப்பிள்ளை மீசையில நாலு இழுப்பும் தெரியுது, ஓரத்துல மாம்பழக்கூடை வேற. மாப்பிள்ளைக்கு மாமனார் மாந்தோப்பு வச்சிருக்காராம்.

டிஸ்கி 1: படத்தை இங்க போடலை, கல்யாண வீட்டுக்காரங்ககிட்ட கேட்கலை.

டிஸ்கி 2: டூயல் பூட் பத்தி வேற யாராவது பதிவு போட்டிருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க, தம்பியோட சிநேகிதன் ஒருத்தனும் டேப்லெட் வாங்கப் போறானாம். இந்த தடவை நான் வாயைத் திறக்கறதா இல்லை. நாளைக்கு ஏ ஷிஃப்ட், அஞ்சரைக்கு கம்பெனி பஸ். வர்றேன்.